முயல் கதை எழுதி மலையை வாங்கிய பியாட்ரிக்ஸ் பாட்டர்!

நீல கோட் போட்ட ஒரு முயலை நீங்க கண்டிப்பா எங்கேயாவது பார்த்திருப்பீங்க. குழந்தைங்க டிபன் பாக்ஸ்ல, பர்த்டே கேக்ல, இல்லைனா 2018-ல் வந்த 'பீட்டர் ராபிட்' படத்துல. அடுத்தவர் தோட்டத்துல புகுந்து காய்கறி திருடித் தின்னுட்டு, கோட்டையும் ஷூவையும் தொலைச்சிட்டு ஓடி வர்ற அந்தச் சேட்டைக்கார முயலுக்கு இப்போ வயசு 120-க்கு மேல. இன்னிக்கு வரைக்கும் 4 கோடிக்கும் அதிகமான பிரதிகள் வித்திருக்கு.

ஆனா, அந்த முயலை வரைஞ்ச பெண்ணோட கதை உங்களுக்குத் தெரியுமா? கல்யாணம் பண்ணிக்கவே 47 வயசு வரைக்கும் அப்பா, அம்மாவோட போராட வேண்டியிருந்தது. அறிவியல் கட்டுரை எழுதினப்போ, அதை வாசிக்கிற கூட்டத்துக்குள்ளேயே அவரை விடலை. கையில இருந்த கதையைப் பதிப்பாளர்கள் வரிசையா திருப்பி அனுப்பினாங்க. கடைசியில அந்த முயல் கொடுத்த காசை வெச்சு, இங்கிலாந்தோட அழகான மலைப்பகுதி ஒன்றை ரியல் எஸ்டேட்காரங்க கையில போகாம காப்பாத்திட்டுப் போனார். அவர்தான் பியாட்ரிக்ஸ் பாட்டர்.

மூணாவது மாடியில் ஒரு மிருகக்காட்சி சாலை

1866 ஜூலை 28. லண்டன், கென்சிங்டன் பகுதியில் போல்டன் கார்டன்ஸ் என்ற தெருவில் இருந்த பெரிய வீட்டில் பியாட்ரிக்ஸ் பிறந்தார். பணத்துக்குப் பஞ்சமே கிடையாது. தாத்தா காலத்தில் பருத்தித் துணியில் அச்சடிக்கும் தொழிலில் சேர்த்த சொத்து. அப்பா ரூபர்ட் பாட்டர் வக்கீலுக்குப் படித்தவர். ஆனால் கோர்ட்டைவிட கேமராவோடுதான் அதிக நேரம் செலவழித்தார்.

வசதி இருந்ததே தவிர, வீட்டில் குழந்தைகளுக்குத் துணை இல்லை. அந்தக் காலத்துப் பணக்காரக் குடும்பங்களின் வழக்கப்படி பியாட்ரிக்ஸைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டுக்கே வந்து பாடம் சொல்லித்தரும் ஆசிரியைகள்தான். ஆறு வயது சின்னவனான தம்பி பெர்ட்ரம் மட்டும்தான் விளையாட்டுத் துணை. கொஞ்ச காலத்தில் அவனையும் ஹாஸ்டல் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் யாரோடு பேசுவது? முயல், எலி, முள்ளெலி, தவளை, பல்லி, வௌவால்... மாடி அறைக்குள் அக்காவும் தம்பியும் ஒரு குட்டி மிருகக்காட்சி சாலையே நடத்தினார்கள். அதெல்லாம் வெறும் கொஞ்சலுக்கு இல்லை. காது எப்படித் திரும்புது, தாவும்போது பின்னங்கால் எப்படி மடங்குதுனு மணிக்கணக்கா பார்த்து வரைந்தார் பியாட்ரிக்ஸ். செத்துப்போன பிராணியின் எலும்புக்கூட்டைச் சுத்தம் செய்து அதையும் வரைந்திருக்கிறார். பின்னால் அவர் வரைந்த முயல் கோட் போட்டிருந்தாலும் அசல் முயலாகவே தெரிவதற்குக் காரணம் இதுதான்.

டைரியும் எழுதினார். அதுவும் சாதாரண எழுத்தில் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் தானே ஒரு குறி கண்டுபிடித்து, அந்த ரகசிய எழுத்தில், பொடிப் பொடியாக. பதின்ம வயதில் ஆரம்பித்து 30 வயது வரைக்கும் இது தொடர்ந்தது. இன்னிக்கு நாம போனுக்கு பாஸ்வேர்டு போட்டு வைக்கிறோமே, அது மாதிரிதான். வீட்டில் தனக்கென்று அவர் வைத்துக்கொண்ட ஒரே மறைவிடம் அந்த நோட்டுகள்தான்.

அவர் இறந்து 15 வருஷம் கழிச்சு, 1958-ல் லெஸ்லி லிண்டர் என்பவர்தான் அந்தப் பூட்டைத் திறந்தார். பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு பக்கத்தில் இருந்த ரோமன் எண்ணும் 1793 என்ற வருஷமும் கண்ணில் பட்டன. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி கொல்லப்பட்ட வருஷம் அது. அந்த நுனியைப் பிடித்துக்கொண்டே மொத்த சங்கேதத்தையும் அவிழ்த்துவிட்டார்.

காளான் ஆராய்ச்சியும் மூடிய கதவும்

பியாட்ரிக்ஸ் முதலில் ஆக ஆசைப்பட்டது எழுத்தாளராக இல்லை என்று சொன்னால் நம்புவீங்களா? இருபதுகளின் கடைசியில் அவரது மொத்த ஆர்வமும் காளான் மேல்தான் இருந்தது.

கோடை விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போகும் குடும்பம் அது. அங்கே சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற தபால்காரர் இருந்தார். கடிதம் கொடுக்கக் காடு மேடெல்லாம் நடந்த அந்த மனிதருக்கு, எந்த மரத்தடியில் எந்தக் காளான் முளைக்கும் என்பது அத்துப்படி. அவர் காளான் மாதிரிகளை அனுப்புவார். பியாட்ரிக்ஸ் அவற்றைத் துல்லியமாக வரைந்து திருப்பி அனுப்புவார். இப்படிச் சேர்ந்த ஓவியங்கள் நூற்றுக்கணக்கில்.

வரைவதோடு நிற்கவில்லை. காளானின் வித்துகளை வீட்டிலேயே முளைக்க வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் குறிப்பெடுத்தார். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் பெரிய அதிகாரிகள் இதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வேதியியல் அறிஞரான மாமா ஹென்றி ராஸ்கோ விடவில்லை, தொடர்ந்து எழுதச் சொல்லித் தூண்டினார். 1897 ஏப்ரலில் லின்னேயன் சங்கத்தில் பியாட்ரிக்ஸின் கட்டுரை தாக்கல் ஆனது. ஆனால் அதை எழுதியவர் அங்கே இல்லை. அந்தச் சங்கத்தின் கூட்டங்களில் பெண்களுக்கு அனுமதி கிடையாது. கியூவில் வேலை பார்த்த ஜார்ஜ் மாஸி என்பவர்தான் அவர் சார்பில் கொண்டுபோனார்.

இன்னும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று கட்டுரை திரும்பி வந்தது. அது அச்சாகவே இல்லை. இன்று அதன் பிரதியும் கிடைக்கவில்லை. சரியாக நூறு வருஷம் கழித்து, 1997-ல், பியாட்ரிக்ஸை நியாயமாக நடத்தவில்லை என்று அந்தச் சங்கம் ஒப்புக்கொண்டது. ஓவியங்கள் மட்டும் தப்பித்தன. அவர் காலமான பிறகு, 1967-ல், காளான்களைப் பற்றிய ஒரு அறிவியல் நூலில் அவற்றில் பலவற்றைச் சேர்த்தார்கள். அவ்வளவு துல்லியம்!

அஞ்சு வயசுப் பையனுக்கு ஒரு கடிதம்

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். 1893 செப்டம்பர் 4. ஸ்காட்லாந்தின் டன்கெல்டு ஊரில் கோடை விடுமுறை. பியாட்ரிக்ஸுக்கு வயது 27.

அவருக்குக் கடைசியாகப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியை ஆனி. இவரைவிட மூணு வயசுதான் மூத்தவர், அதனால் தோழியாகவே ஆகிவிட்டவர். கல்யாணமாகி ஆனி மூர் ஆன அவருடைய மூத்த மகன் நோயலுக்கு அப்போது ஐந்து வயது. உடம்பு சரியில்லாமல் படுத்த படுக்கையாக இருந்தான். அவனுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார் பியாட்ரிக்ஸ். படுத்திருக்கும் சின்னப் பையனிடம் எத்தனை தரம்தான் நலம் விசாரிப்பது? அதனால் நாலு முயல் குட்டிகளின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் படமும் போட்டார். அதில் ஒரு முயலுக்குத் தான் வளர்த்த முயலின் பெயரையே வைத்தார். பீட்டர்.

அந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனிச்சுப் பாருங்க. பீட்டரின் அப்பாவைத் தோட்டக்காரரின் மனைவி சமைத்துவிட்டார் என்பதை எந்தப் பூச்சும் இல்லாமல் போகிறபோக்கில் சொல்லியிருப்பார். குழந்தைகளுக்கு உண்மையைச் சொல்லலாம், தாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அது. அவருடைய எல்லாக் கதைகளிலும் இது இருக்கும். அழகான வாத்து, அழகான நரி... ஆனா நரி நரியாத்தான் இருக்கும்.

ஏழு வருஷம் கழித்து, இந்தக் கடிதங்களைப் புத்தகமாக்கலாமே என்ற பேச்சு வந்தது. நோயலிடம் கேட்டார்கள். நல்லவேளை, பையன் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான்! அதை இரவல் வாங்கி, கதையை நீட்டி, படங்களைக் கூட்டி, பதிப்பாளர்களுக்கு அனுப்பினார் பியாட்ரிக்ஸ். ஆறு இடங்களில் இருந்தாவது திரும்பி வந்தது. ஒருத்தருக்குப் பெரிய சைஸ் வேண்டும், இன்னொருத்தருக்குப் பாட்டாக வேண்டும். பியாட்ரிக்ஸ் பிடிவாதமாக இருந்தார். புத்தகம் குழந்தையின் கைக்கு அடங்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் இறங்கி வரவில்லை.

யாரும் போடலைன்னா? நானே போடறேன்! 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதிகள் அச்சடித்தார். இன்னிக்கு செல்ஃப் பப்ளிஷிங்னு சொல்றோமே, அதேதான். சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று வாங்கியே தீர்ந்துபோய், சில வாரங்களில் மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது. ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலும் தன் குழந்தைகளுக்கு ஒன்று வாங்கினார்.

முதலில் வேண்டாம் என்று சொன்ன ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் இதற்குள் மனசு மாறியிருந்தது. படங்களை வண்ணத்தில் வரைந்து தந்தால் போடுகிறோம் என்றார்கள். 1902 அக்டோபரில் புத்தகம் வந்தது. முதல் பதிப்பின் 8,000 பிரதிகளும் வெளிவருவதற்கு முன்னாலேயே விற்றுப்போயின. அந்த வருஷம் முடிவதற்குள் அச்சடித்த மொத்தப் பிரதிகள் 28,000.

பியாட்ரிக்ஸுக்கு வியாபார மூளையும் இருந்தது. 1903-ல் தன் கையால் பீட்டர் பொம்மை தைத்து, அதைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தார். அடுத்து போர்டு கேம், வால்பேப்பர், டீ கப் என்று வரிசை கட்டின. கதாபாத்திரத்தை வைத்துப் பொருட்கள் விற்கும் உத்தியை டிஸ்னிக்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே செய்துகாட்டியவர் இவர். இதில் அடியும் பட்டிருக்கிறார். அமெரிக்காவில் காப்புரிமையைப் பதிவு செய்யப் பதிப்பகம் தவறிவிட, அங்கே திருட்டுப் பதிப்புகள் கொட்டின. அந்தக் காசில் ஒரு சல்லி கூட இவருக்கு வரவில்லை.

ஒரே ஒரு மாசம்

புத்தக வேலைக்காக வார்ன் சகோதரர்களில் இளையவரான நார்மன் வார்னோடு தினமும் கடிதப் போக்குவரத்து. படத்தின் நிறம், பக்க அமைப்பு, அட்டை என்று ஆரம்பித்த பேச்சு மெல்ல மெல்ல வேறாக மாறியது. சுண்டெலிக் கதைக்கு மாதிரியாக வைத்து வரைய, பொம்மை வீட்டையே தன் கையால் செய்து வைத்திருந்தார் நார்மன். அண்ணன் மகளுக்காகச் செய்தது அது. 1905 ஜூலை 25-ம் தேதி, கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டு நார்மனின் கடிதம் வந்தது.

பியாட்ரிக்ஸுக்குச் சம்மதம். வீட்டில் வெடித்தது. ஒரு வியாபாரிக்கா பெண் கொடுப்பது என்றார்கள் அப்பாவும் அம்மாவும். தாத்தா துணி வியாபாரத்தில் சேர்த்த சொத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசினார்கள் என்பதுதான் வேடிக்கை. அந்தஸ்து பார்க்கும் வீடுகள் நமக்குப் புதுசா என்ன? இந்த முறை 39-ஐத் தொட்ட மகள் அடங்கவில்லை. மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். ஆனால் வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டார்.

சரியா ஒரு மாசம். ஆகஸ்ட் 25. ரத்தப் புற்றுநோயால் நார்மன் இறந்துபோனார். வயது 37.

யோசிச்சுப் பாருங்க. நிச்சயதார்த்தம் நடந்ததே ஊருக்குத் தெரியாது. அப்போ, அவர் எதுக்காக அழறார்னு யாருக்குத் தெரியும்? யார் வந்து துக்கம் விசாரிப்பாங்க?

பியாட்ரிக்ஸ் அந்த வருஷமே ஒரு காரியம் செய்தார். புத்தகங்களில் வந்த ராயல்டியோடு, அத்தை விட்டுப்போன கொஞ்சம் பணத்தையும் சேர்த்து, இங்கிலாந்தின் வடமேற்கே லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், நியர் சாரி என்ற சின்னக் கிராமத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். 16 வயதில் குடும்பத்தோடு கோடையைக் கழித்தபோதே அவர் மனதைப் பறிகொடுத்த ஏரி நாடு அது.

உடனே அங்கே குடிபோய்விட முடியவில்லை. கல்யாணமாகாத மகள், வயதான பெற்றோரை லண்டனில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டம். கிடைத்த நாட்களில் ஓடி வருவார், வேலை பார்ப்பார், திரும்புவார். இப்படி ஓடிக்கொண்டிருந்த அடுத்த எட்டு வருஷத்தில்தான் அவரது சிறந்த புத்தகங்கள் வந்தன. பூனைக்குட்டி டாம், வாத்து ஜெமைமா... அந்தக் கதைகளின் படங்களில் இருக்கும் மாடிப்படி, சமையலறை, தோட்டத்து வாசல் எல்லாமே ஹில் டாப்தான். இன்னிக்கும் அந்த வீட்டுக்குப் போறவங்க கையில புத்தகத்தை வெச்சுக்கிட்டே ஒவ்வொரு மூலையையும் கண்டுபிடிக்கலாம்.

மிஸஸ் ஹீலிஸ்

பக்கத்தில் இன்னொரு நிலம் வாங்கினார், அப்புறம் இன்னொன்று. பத்திரம் பார்த்து, பேரம் பேசி, எல்லை அளந்து உதவியவர் உள்ளூர் வக்கீல் வில்லியம் ஹீலிஸ். 1912-ல் அவர் கல்யாணப் பேச்சை எடுத்தார். வீட்டில் பழைய பல்லவிதான், கிராமத்து வக்கீல் நமக்கு ஈடா என்றார்கள்.

இந்த முறை கைகொடுத்தது தம்பி பெர்ட்ரம். ஸ்காட்லாந்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வீட்டுக்குச் சொல்லாமலே தனக்குக் கல்யாணம் ஆகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார்! அதற்கப்புறம் அக்காவை எப்படித் தடுப்பது? 1913 அக்டோபரில் கல்யாணம். பெண்ணுக்கு வயது 47.

அதோடு எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனார். ஊரில் அவர் மிஸஸ் ஹீலிஸ். கண்பார்வை மங்க ஆரம்பித்ததால் நுணுக்கமாக வரைவது கஷ்டமாகிவிட்டது. புத்தகங்களும் குறைந்தன. ஆனாலும் 1917-ல் வார்ன் நிறுவனத்தை நடத்திய ஹெரால்டு வார்ன், நார்மனின் அண்ணன், மோசடி வழக்கில் ஜெயிலுக்குப் போய்ப் பதிப்பகமே மூழ்கும் நிலை வந்தபோது, இவர் கைவிடவில்லை. தனக்கு வரவேண்டிய பணம் அங்கே சிக்கியிருந்தும், பழைய ஓவியங்களைத் தொகுத்துப் புதுப் புத்தகம் கொடுத்து நிறுவனம் எழுந்து நிற்க உதவினார்.

மற்றபடி முழு நேரமும் ஆடுதான். ஹெர்ட்விக் என்று ஒரு செம்மறி ஆட்டினம் உண்டு. பனியும் காற்றும் அடிக்கும் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்து, வேலியே இல்லாமல் தன் மேய்ச்சல் எல்லையைத் தாய் ஆட்டிடமிருந்து குட்டி கற்றுக்கொள்ளும் இனம். லாபம் குறைவு என்று விவசாயிகள் அதைக் கைவிடத் தொடங்கியிருந்தார்கள். 1920-களில் ட்ரௌட்பெக் பார்க் என்ற, ஆடுகளுக்கு நோய் பீடித்துக் கிடந்த பெரிய பண்ணையை வாங்கி, டாம் ஸ்டோரி என்ற மேய்ப்பரை வேலைக்குச் சேர்த்து, ஹெர்ட்விக் மந்தையை மறுபடி தழைக்க வைத்தார் பியாட்ரிக்ஸ். கம்பளி உடுப்பும் மரக்கட்டைச் செருப்புமாகச் சேற்றில் நின்று, ஆட்டுச் சந்தைகளில் பரிசு வாங்கினார். 1943-ல் ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கம் அடுத்த தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்குத் தேர்வான முதல் பெண். காளான் கட்டுரையை வாசிக்க உள்ளே விடாத நாடு, நாற்பத்தாறு வருஷம் கழித்து ஆட்டு மேய்ப்பர்களின் கூட்டத்தில் அவருக்கு முதல் நாற்காலி போட்டது.

எதுக்கு இவ்வளவு நிலம்?

ஏரிக்கரையில் பங்களாக்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெரிய பண்ணை விற்பனைக்கு வந்தால், துண்டு துண்டாக்கி வீட்டுமனை போட ஆட்கள் தயார். நமக்கு நல்லாவே பழக்கமான காட்சி. மலை மட்டும் இருந்து, அதில் வாழும் விவசாயியும் ஆடும் போய்விட்டால், அந்த ஊரே ஒரு போஸ்ட்கார்டு படமாகிவிடும் என்று பியாட்ரிக்ஸுக்குத் தெரிந்திருந்தது. குடும்ப நண்பரான பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவர். அந்த வழியில் இவரும் நிலத்தைக் காக்க இறங்கினார். 1930-ல் மாங்க் கோனிஸ்டன் என்ற சுமார் 4,000 ஏக்கர் எஸ்டேட் விலைக்கு வந்தபோது, டிரஸ்ட்டிடம் அப்போது போதிய பணம் இல்லை. மொத்தத்தையும் தானே வாங்கி, பாதியை வாங்கிய விலைக்கே டிரஸ்ட்டுக்குக் கொடுத்தார். சில வருஷம் அதை நிர்வாகமும் செய்து கொடுத்தார்.

1943 டிசம்பர் 22, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த குளிர்காலம். 77 வயதில் பியாட்ரிக்ஸ் காலமானார். சங்கத் தலைவர் நாற்காலியில் உட்கார நேரம் வாய்க்கவில்லை. சொந்தமாகக் குழந்தைகள் இல்லை. 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும், ஒரு டஜனுக்கும் அதிகமான பண்ணைகளும் கணவர் காலத்துக்குப் பிறகு நேஷனல் டிரஸ்ட்டுக்குப் போக வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். ஒரு முக்கியமான கண்டிஷனோடு. அந்த மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகள் தொடர்ந்து மேய வேண்டும்!

2017-ல் லேக் டிஸ்ட்ரிக்ட் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மலையேறப் போனால், சாம்பல் நிற உடம்பும் வெள்ளை முகமுமாக ஒரு ஆடு உங்களை நிமிர்ந்து பார்க்கும். ஹெர்ட்விக்தான்.

அவர் அங்கே பிறந்து வளர்ந்தவர் இல்லை. பணக்கார வீட்டுப் பெண் என்பதால் சில கதவுகள் அவருக்குச் சுலபமாகவும் திறந்தன, அதையும் மறக்க வேண்டாம். ஆனால், அதே வீடு பூட்டி வைத்த கதவுகளைத் திறக்கும் சாவியை, தான் வரைந்த முயலை வைத்து அவரேதான் செய்துகொண்டார்.

பியாட்ரிக்ஸுக்குச் சமாதி கிடையாது. அஸ்தியை ஹில் டாப்புக்கு மேலே உள்ள மலையில் தூவும் பொறுப்பை மேய்ப்பர் டாம் ஸ்டோரியிடம் ஒப்படைத்திருந்தார். தூவிய இடத்தை ஊருக்குச் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. ஸ்டோரியும் கடைசி வரை சொல்லவில்லை. சின்ன வயசுல சங்கேத எழுத்துல டைரி எழுதின பொண்ணு இல்லையா... கடைசி முகவரியையும் ரகசியமாவே வெச்சுட்டுப் போயிட்டார்!